வெள்ளை ஆமை

"மூணு ஏக்கர் வெள்ளாமை, எல்லாம் தண்ணிக்குள்ள போயித்து"
என்று உதுமாலெப்பை காக்கா பேசியிருந்தார்.
மெசின் அதைக் கேட்டு
இங்கிலிஷில் எழுதியிருந்தது:
மூன்று ஏக்கர் வெள்ளை ஆமைகள்
நீரில் மூழ்கிவிட்டன.

நிந்தவூரில், இரவு பதினொன்றே காலுக்கு,
தனியே இருந்து சிரித்தேன்.
பிறகுதான் உறைத்தது.
ஆமை தண்ணீருக்குள் போனால் யாருக்கு நட்டம்?
நட்டம் இல்லையென்றால் ஈடும் இல்லை.

கடல் வந்த அடுத்த வருசம் தொடங்கிய தொழில் எனக்கு.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
காணி உறுதி, பிறப்புப் பதிவு, விவாகப் பதிவு,
நிறுவனங்களின் அறிக்கைகள்.
வலுவூட்டல் என்ற சொல்லை மட்டும்
எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்,
யாருக்கு வலு வந்ததோ தெரியாது.
பக்கத்துக்கு எண்ணூறு ரூபா வந்தது.
அதில் சுவர் எழும்பியது, கூரை எழும்பியது,
மகள் ஹிமாயா ஒலுவில் கம்பஸுக்குப் போனாள்.

இப்போது என் பெயர் சரிபார்ப்பவர்.
மெசின் எழுதும், நான் பிழை பிடிப்பேன்,
திருத்தும் சொல்லுக்கு அறுபது சதம்.
சரியாக எழுதிய வரிக்குக் காசில்லை.
அது பிழைவிட வேண்டுமென்று
துஆக் கேட்காத குறை.
றப்பர் முத்திரை லாச்சிக்குள்,
மை காய்ந்து.

வெள்ளாமை என்றால் நெல்லென்று
ஒருமுறை திருத்தினால் போதும்,
பிறகு அது ஒருநாளும் மறக்காது.
வாழைச்சேனையிலிருந்து பொத்துவில்வரைக்கும்
எவர் வாயில் வந்தாலும் பிடித்துக்கொள்ளும்.
நான் அறுபது சதத்துக்கு விற்கிற
கடைசி வெள்ளாமை அது.

விட்டால்?
ஆமை ஆமையாகவே நீந்தட்டுமென்று விட்டால்
அடுத்த கிழமையும் எனக்கு வேலை இருக்கும்.
களியோடை கொண்டுபோன மூன்று ஏக்கர்
கொழும்புக் கணக்கில்
ஆமைக் குளமாய்க் கிடக்கும்.

அவரை எனக்குத் தெரியாது.
குரலை மட்டும் தெரியும்.
நடுவில் ஓர் இருமல்,
கடன் என்று சொல்லுமுன் ஒரு மூச்சு.
இருமலை மெசின் கழித்திருந்தது.
மூச்சையும்.

திருத்தினேன்.
வட்டையை வட்டம் என்று எழுதியிருந்தது, அதையும்.
அவர் வைத்த சூடு காய்ச்சலாகியிருந்தது, அதையும்.
அவருடைய கோப்பில் மட்டும் நாற்பத்தேழு.
இருபத்தெட்டு ரூபா இருபது சதம்.
ஒரு பிளேன்டீக்குக் காணாது.

மூன்றாம் மாதம் கடிதம் வந்தது.
துல்லியம் உயர்ந்துள்ளது, நன்றி,
எனவே இனிமேல் முப்பது சதம்.

"கேள்வி கேக்கிறதுதான் இனித் தொழிலாம் உம்மா,
மெசினிட்ட சரியாக் கேக்கப் பழகணும்"
என்கிறாள் ஹிமாயா.
கேள்வி கேட்டவர்களுக்கு இந்த நாட்டில்
எப்போது சம்பளம் கொடுத்தார்கள்?
அதை அவளிடம் கேட்கவில்லை.

நேற்று கொழும்பிலிருந்து அழைப்பு.
என் குரல் வேண்டுமாம், நாற்பது மணித்தியாலம்.
கிழக்கின் பேச்சு,
வீட்டில் கதைக்கிற மாதிரி,
கொஞ்சம் ஏசுகிற மாதிரியும்.
மனிசனா மெசினா என்று நான் கேட்கவில்லை,
மனிசனாயிருந்தால் நோகும்.
நல்ல காசு.
கரண்ட் பில் இரண்டு மாதமாய் நிற்கிறது.
"மறுகா பாப்பம்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில்
பேசியதெல்லாம் எழுத்தாகி வந்தது,
பிழையிருந்தால் திருத்தும்படி.
கடைசி வரி:
மறுத்துவிட்டார்.

மறுகா என்றால் பிறகு.
நான் மறுக்கவில்லை.

விரலைத் திரையில் வைத்தபடி இருந்தேன்.
வட்டைப் பக்கம்
சுனாமி என்று பேர் வாங்கிய வெட்டு மெசின்
லைட்டைப் போட்டுக்கொண்டு
யாரோ ஒருவரின் வெள்ளாமைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஒரு பிழையை மட்டும்
அப்படியே விட்டேன்.